துவா நை?

அன்புள்ள ஐயா,

வேலை மாறி பாங்காக் வந்து ஐந்து மாதம் ஆகிறது. தாய்லாந்து மொழி வகுப்புக்குப் போகிறேன். பொருட்களை எண்ணும்போது ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச்சொல் சேர்க்கச் சொல்கிறார்கள். பட்டியலே நான்கு பக்கம். நேற்று துணிக்கடையில் இரண்டு சட்டைகளைக் கையில் வைத்துக்கொண்டு, "எது நல்லா இருக்கும்?" என்று கேட்பதாக நினைத்து "நை?" என்றேன். கடைக்காரப் பெண் உடை மாற்றும் அறையைக் காட்டினார். பட்டியல் முழுவதையும் மனப்பாடம் செய்தே ஆகவேண்டுமா?

எஸ்., பாங்காக்

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெண் மேல் தப்பில்லை. 'நை' தனியாக நின்றால் 'எங்கே' என்றுதான் காதில் விழும். எண்ணும் சொல்லோடு ஒட்டினால்தான் அது 'எது'. சட்டைக்கு 'துவா', ஆகவே "துவா நை?" (உச்சரிப்பைத் தமிழெழுத்தில் ஒப்பேற்றுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.)

நமக்கு இது அவ்வளவு அந்நியமில்லை. "பிள்ளைங்க மூணு பேர்" என்கிறோமே, அந்தப் 'பேர்' செய்கிற வேலைதான். அவர்களும் அதே வரிசையில் "தெக் ஸாம் கொன்" என்பார்கள்: பிள்ளை, மூன்று, பேர். நாம் ஆட்களோடு நிறுத்திக்கொண்டோம். அவர்கள் நாற்காலி, கத்தி வரை போய்விட்டார்கள்.

துவா என்றால் உடம்பு. நாய், பூனை சரி. நாலு கால் இருப்பதால் மேசையும், கை இருப்பதால் சட்டையும் அதில் சேர்ந்தன என்று நான் நினைவு வைத்துக்கொண்டேன். புத்தகம், கத்தி, மெழுகுவர்த்தி மூன்றுக்கும் 'லெம்'. அவற்றுக்குள் என்ன உறவு என்று என்னைக் கேட்காதீர்கள். காட்டு யானை துவா. பழக்கிய யானைக்கு மட்டும் வேறு சொல். அதே சொல்லுக்குக் கயிறு என்றும் பொருள்!

நானும் மாட்டிக்கொண்டவன்தான். ஒரு மழைநாள், தங்கியிருந்த விடுதியின் வாசலில் குடைகள் சாத்தியிருந்தன. எதை எடுக்கலாம் என்று சைகையில் கேட்டேன். விடுதிக்கார அம்மா "கன் நீ" என்றார் (அங்கே 'நீ' என்றால் 'இது'). காருக்கு 'கன்' என்று முந்தைய நாள்தான் படித்திருந்தேன். கார் ஏற்பாடு செய்திருக்கிறாராக்கும் என்று தெருவை எட்டிப் பார்த்தேன். அவர் கையில் நீலக் குடை. குடைக்கும் கன்தான், சாப்பிடுகிற கரண்டிக்கும் கன்தான். அதற்குப்பின் மறக்கவே இல்லை.

எனவே பட்டியலை மூடி வையுங்கள். சொல் தெரியாத பொருளென்றால் "அன் நை?" என்று கேளுங்கள். சின்னச் சின்னச் சாமான்களுக்கு உரிய 'அன்', தெரியாத இடத்திலும் சமாளிக்க உதவும். அவர்கள் "துவா நீ", "லெம் நீ" என்று பதில் சொல்லும்போது சரியான சொல் தானாக வந்து சேரும். ஆட்களிடம் மட்டும் இந்தக் குறுக்குவழி வேண்டாம். அவர்களுக்கு 'கொன்', புத்த பிக்குகளுக்கு 'ரூப்'. மனிதரைத் துவாவில் எண்ணினால் மாட்டுக்கணக்கில் சேர்த்ததாகிவிடும்.

இன்னொன்று. சட்டையும் 'ஸூவா', புலியும் 'ஸூவா', இரண்டுக்குமே துவா. குரல் மேலிருந்து இறங்கினால் சட்டை, கீழிருந்து ஏறினால் புலி. துணிக்கடையில் நிற்கிறவரை உங்களுக்குக் கவலையில்லை.