ஸ்டீராய்டு குறைக்கும்போது வரும் அசதியோடு வேலைக்குத் திரும்புவது எப்படி?
பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வேலைக்குப் போகிறீர்கள், மதியத்துக்குள் உடம்பு அடித்துப்போட்ட மாதிரி ஆகிறது என்கிறீர்கள். இது சோம்பல் இல்லை. பல வாரம் மாத்திரை எடுத்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரினல் சுரப்பி, உடம்பின் சொந்த ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோலைச் சுரப்பதைக் குறைத்துவிடும். பழையபடி சுரக்க மாதக்கணக்கில்கூட ஆகலாம். மாத்திரை நாளுக்கு 5 மில்லிகிராமை நெருங்கும்போதுதான் பலருக்கு அசதி தெரியும். உடம்பு இயல்பாகச் சுரப்பது ஏறக்குறைய அதற்குச் சமம்.

சிங்கப்பூரில் ஜூரோங் ஈஸ்ட்டிலிருந்து ராஃபிள்ஸ் பிளேஸ் வரை எம்ஆர்டி ரயிலில் நின்றே போனால் பாதித் தெம்பு அங்கேயே போய்விடும். நேரம் மாற்றிக்கொள்ள மேலாளரிடம் எழுத்தில் கேளுங்கள். நெகிழ்வான வேலை ஏற்பாடுகளுக்காக 2024 டிசம்பர் முதல் சிங்கப்பூரில் நடப்பிலுள்ள வழிகாட்டி நெறிகளின்படி முதலாளி 2 மாதத்துக்குள் பதில் தர வேண்டும். கோப்பியை நம்புவது, என்னைக் கேட்டால், வீண், தூக்கம்தான் கெடும். அப்புறம், மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். வாந்தி, மயக்கம் வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போய், ஸ்டீராய்டு எடுப்பதை முதலில் சொல்லுங்கள்.