அமெரிக்காவின் விஸ்கான்சினில் இருக்கிறேன். நவம்பர் சீசனில் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளோடு (ஒவ்வொரு குண்டுக்கும் கையால் தாழை இழுத்து மூடும் வகை) மான் வேட்டைக்குப் போகப் போகிறேன். அதற்கான .308 தோட்டாவை நானே லோட் செய்ய விரும்புகிறேன். 100 யார்டில் மூன்று குண்டும் அரை இஞ்சுக்குள் விழ என்ன செய்ய வேண்டும்?

அரை இஞ்சுக்கு ஆசைப்பட வேண்டாம் என்றுதான் சொல்வேன். நீங்கள் விஸ்கான்சினில் இருப்பதாகவும், நவம்பர் சீசனுக்கு போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நானும் அந்த ஊர்க்காரன்தான், பல வருடமாக என் தோட்டாவை நானேதான் லோட் செய்கிறேன், அதாவது பித்தளைக் கேஸில் பிரைமர் (பவுடரைப் பற்றவைக்கும் சிறு மூடி), பவுடர், குண்டு வைத்து நானே தோட்டா தயாரிக்கிறேன். (இந்தியாவிலிருந்து படிப்பவர்களுக்கு: அங்கே 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இந்தப் பதில் அமெரிக்காவுக்கு மட்டும்.)

வெள்ளை வால் மானின் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடம் ஏறக்குறைய 8 இஞ்ச் அகலம். 100 யார்டில் ஒன்றரை இஞ்சுக்குள் விழும் தோட்டா 200 யார்டில் சுமார் 3 இஞ்சுக்குள் விழும். மானுக்கு இதுவே தாராளம். அரை இஞ்ச் தேடிப் பவுடரையும் பிரைமரையும் கரைப்பதைவிட, அந்தத் தோட்டாக்களை வைத்து உட்கார்ந்தும் மண்டியிட்டும் சுட்டுப் பழகலாம்.

மூன்று குண்டு குரூப்பை (குண்டுகள் விழுந்த இடங்களின் பரவல்) நம்பவும் வேண்டாம். அதே ரைஃபிள், அதே லோடு (குண்டு, பவுடர் அளவு எல்லாம் சேர்ந்த கலவை): மூன்று சுட்டுச் சராசரியாக 1 இஞ்ச் வருகிறது என்றால், பத்து சுட்டால் ஒன்றரை இஞ்சுக்கு மேல் போகும். இது வெறும் புள்ளியியல். பவுடரைக் கொஞ்சம் கூட்டியதும் குரூப் சுருங்கிவிட்டது என்று குதிப்பவர்களில் பாதிப் பேர் தற்செயலைப் பார்த்துத்தான் குதிக்கிறார்கள். இரண்டு மூன்று லோடுகளை மட்டும் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றிலும் பத்து சுட்டுப் பாருங்கள். நடுவில் குழல் ஆறட்டும்.

குண்டைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும், பவுடரை அல்ல. பேப்பரில் அழகாகக் குரூப் காட்டுவது போட்டிக் குண்டு. ஆனால் சியரா நிறுவனமே தன் மேட்ச்கிங் குண்டு வேட்டைக்கு ஏற்றதல்ல என்கிறது. உடம்புக்குள் போனதும் அது எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. அடிபட்டு ஓடி, எங்கோ புதரில் கிடந்து சாகும் மானை நினைத்தால் அந்த அழகான குரூப்புக்கு என்ன மதிப்பு? வேட்டைக்கென்று செய்த 150 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டு ஒன்றை எடுங்கள். இறைச்சியில் ஈயத் துகள் கலப்பது பிடிக்கவில்லை என்றால் பார்ன்ஸ் போன்ற முழுச் செம்புக் குண்டு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டே கூடாது. செம்பு ஈயத்தைவிட லேசு என்பதால் அதே எடைக்குக் குண்டு நீளமாகும், கேஸுக்குள் அதிக இடம் பிடிக்கும். ஆகவே ஈயக் குண்டின் பவுடர் அளவை அதற்குப் போடவே கூடாது.

பவுடர் அளவை நான் இங்கே எழுதப் போவதில்லை, வேறு யார் எழுதினாலும் எடுத்துக்கொள்ளாதீர்கள். .308-இன் உச்ச அழுத்தம் சதுர இஞ்சுக்கு 62,000 பவுண்டு. அது வெடிப்பது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில். குண்டு அல்லது பவுடர் நிறுவனம் வெளியிட்ட கையேட்டில், உங்கள் குண்டுக்கான பக்கத்தில் உள்ள ஆரம்ப அளவில் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுங்கள். போல்ட் தூக்க இறுகினாலோ, கேஸின் அடியில் எஜெக்டர் (சுட்ட கேஸை வெளியே தள்ளும் முள்) பதிந்து பளபளத்தாலோ அங்கேயே நிறுத்திக் கீழே இறங்குங்கள். பவுடர் ஊற்றி முடித்ததும், குண்டு வைக்கும் முன், டார்ச் அடித்து எல்லாக் கேஸையும் மேலிருந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் மட்டம் ஏறியோ இறங்கியோ இருந்தால் உடனே கண்ணில் படும். இதை நான் ஒரு தடவைகூட விட்டதில்லை.

என்னைக் கேட்டால் நேரத்தைப் போட வேண்டிய இடம் பித்தளைக் கேஸ்தான். எல்லாம் ஒரே கம்பெனி, ஒரே லாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுல் லெங்த் டையில் (சுட்ட கேஸை முழு நீளத்துக்கும் அழுத்தி அளவுக்குக் கொண்டுவரும் அச்சு) சைஸ் செய்து, தோள் பகுதியை (கழுத்துக்குக் கீழே சரியும் இடம்) ஆயிரத்தில் இரண்டு இஞ்ச் அளவு மட்டும் பின்னுக்குத் தள்ளினால் போதும். அதற்கு மேல் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் கேஸ் நீண்டு, அடிக்குச் சற்று மேலே உள்சுவர் மெலியும். ஒரு கம்பியின் நுனியை வளைத்துக் கேஸுக்குள் விட்டு, சுவரை உரசியபடி மேலே இழுத்துப் பாருங்கள். நுனி ஒரு பள்ளத்தில் தட்டினால் அந்தக் கேஸைத் தூக்கிப் போடுங்கள், அடுத்த முறை அது இரண்டாகப் பிரியலாம். கழுத்தை மட்டும் சைஸ் செய்வது போட்டிக்காரர்களுக்குச் சரி. வேட்டைக்கு வேண்டாம், குளிரில் கை விறைத்திருக்கும்போது போல்ட் மூட மறுக்கும்.

குண்டைக் குழலின் உட்புறச் சுருள் வரிகளைத் தொடும் அளவுக்கு வெளியே நீட்டி வைத்தால் துல்லியம் கூடும் என்று நிறையப் பேர் சொல்வார்கள். சில ரைஃபிள்களில் உண்மைதான். ஆனால் மாலையில் சுடாத தோட்டாவை வெளியே எடுக்கும்போது குண்டு குழலிலேயே சிக்கி, கேஸ் மட்டும் வந்து, பவுடர் எல்லாம் ஆக்‌ஷனுக்குள் கொட்டும். அன்றைய வேட்டை அத்தோடு சரி. கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பார்ன்ஸ் செம்புக் குண்டுகள் வரிகளிலிருந்து 0.050 இஞ்ச் தள்ளி இருந்தாலும் நன்றாகவே சுடும். மேகசினில் அடங்குகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெப்பநிலை. ஆகஸ்ட் வெயிலில் லோடு கண்டுபிடித்து நவம்பர் பனியில் சுடுகிறோம். குளிரில் வேகம் குறையும். வார்கெட் மாதிரி, வெப்பநிலைக்கு அதிகம் அசையாத பவுடர் எடுத்தால் வித்தியாசம் சிறிது. எதுவானாலும் சீசனுக்கு முன் ஒரு குளிர்ந்த காலையில் ரேஞ்சுக்குப் போய், ஆறிய குழலில் ஒரே ஒரு குண்டு சுட்டு அது எங்கே விழுந்தது என்று குறித்து வையுங்கள். அடுத்த வாரமும் அதே மாதிரி ஒன்று. மான் முன்னால் உங்களுக்குக் கிடைக்கப் போவது அந்த முதல் குண்டுதான், அது விழும் இடத்தை வைத்து ஸ்கோப்பைச் சரி செய்யுங்கள்.