ஒயர்தான் இல்லை, கரன்ட் இருக்கிறது! – வாசகர் கேள்வி பதில்

பேட்டரியில் ஓடும் டிரில், கிரைண்டர் பற்றி வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில்.

என் 18 வோல்ட் டிரில் பேட்டரி நாலு மாதம் வேலையில்லாமல் கிடந்தது. இப்போது சார்ஜரில் போட்டால் சிவப்பு விளக்கு மின்னுகிறது, சார்ஜ் ஏறவில்லை. நல்ல பேட்டரியிலிருந்து இரண்டு ஒயர் இழுத்து, கொஞ்ச நேரம் கரன்ட் கொடுத்தால் உயிர் வந்துவிடும் என்று வீடியோவில் காட்டுகிறார்கள். செய்யலாமா ஐயா?
– தச்சு வேலை செய்யும் வாசகர், ராஜபாளையம்

தயவுசெய்து செய்யாதீர்கள். சார்ஜர் காரணத்தோடுதான் மறுக்கிறது.

உங்கள் பேட்டரி பேக்குக்குள் ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. ஒவ்வொன்றும் 3.6 வோல்ட், முழு சார்ஜில் 4.2. இறங்கும்போது 2.5-க்குக் கீழே போகக் கூடாது. போய், அப்படியே வாரக்கணக்கில் கிடந்தால் செல்லுக்குள் இருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறு இடத்தில் போய்ப் படியும். இரண்டு முனைகளையும் பிரித்து வைத்திருப்பது ஒரு மெல்லிய பிளாஸ்டிக் தாள்தான். படிந்த செம்பு அதைக் குத்திக்கொண்டு போனால் செல்லுக்குள்ளேயே ஷார்ட். அன்றைக்கே தெரியாது. நன்றாக வேலை செய்வதுபோல் பத்து நாள் ஓடிவிட்டுப் பிறகு சார்ஜரில் இருக்கும்போது சூடேறும்.

ஒயர் இழுப்பதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நிறைந்த பேக் 21 வோல்ட்டில் இருக்கும், செத்த பேக் 8 வோல்ட்டில் இருக்கும். நடுவில் கரன்ட்டைக் கட்டுப்படுத்த எதுவுமே இல்லை. ஒயர் பழுக்கும் அளவுக்குப் பாயும்.

இனி வாங்கும் பேட்டரியையாவது காப்பாற்றலாம். பேக்கில் சார்ஜ் காட்டும் நாலு கோட்டில் இரண்டு கோடு இருக்கும்படி, கருவியிலிருந்து கழற்றி வையுங்கள். சில கருவிகள் சும்மா இருக்கும்போதும் துளித்துளியாகக் கரன்ட் இழுக்கும். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை எடுத்துப் பார்த்து, ஒரு கோட்டுக்கு இறங்கியிருந்தால் மறுபடி பாதிவரை ஏற்றுங்கள்.

பழைய பேக்கில் செல் மட்டும் மாற்றித் தருகிறார்கள். புதிய பேட்டரியில் பாதி விலைதான் ஆகிறது. நம்பலாமா?
– எலக்ட்ரீஷியன், ஓசூர்

யார் எப்படி மாற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்காரர் சால்டரிங் அயர்னை நேராக செல்லின் மேல் வைத்தால் அங்கிருந்து கிளம்பிவிடுங்கள். அயர்னின் முனை 350 டிகிரி. உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் தாள் 130 டிகிரி வாக்கிலேயே உருகிவிடும். நிக்கல் பட்டையை ஸ்பாட் வெல்டிங் செய்வதுதான் (ஒரு கணம் மட்டும் கரன்ட் பாய்ச்சி ஒட்டுவது) முறை.

ஐந்து செல்லும் புதிதாக, ஒரே கம்பெனி, ஒரே மாடலாக இருக்க வேண்டும். கெட்ட ஒன்றை மட்டும் மாற்றினால் போதும் என்பார்கள், போதாது. புதிதும் பழையதும் ஒரே வேகத்தில் ஏறி இறங்காது. சில மாதம் கழித்துத் திறந்து மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தால், ஒரு செல் 3.8 காட்டும், மற்ற நான்கும் 4.3 காட்டும். கூட்டிப் பாருங்கள்: சரியாக 21.0. மொத்த வோல்ட்டை மட்டும் பார்க்கும் மலிவு சார்ஜர், எல்லாம் சரி என்று பச்சை விளக்கு போட்டுவிடும். நான்கு செல்லும் அளவுக்கு மேல் ஏறி நிற்பது அதற்குத் தெரியாது. ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கவனிக்கும் போர்டு வேண்டும் என்பது இதற்காகத்தான்.

செல்லின் மேல் எழுதியிருப்பதையும் படியுங்கள். 18 மி.மீ. தடிமன், 65 மி.மீ. நீளமுள்ள செல்லில் 9,900 மில்லி ஆம்ப் ஹவர் (எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அது பொய். அந்த அளவு செல்லில் 3,500-ஐத் தாண்டுவதே அரிது. டிரில்லுக்கு வேண்டியதோ, 2,000 அல்லது 2,500-தான் என்றாலும் 20 ஆம்பியருக்கு மேல் தாங்குகிற ரகம். லேப்டாப் பேட்டரியிலிருந்து பிரித்த செல் அதற்கு ஆகாது. அதேபோல், ‘48 வோல்ட்’, ‘128’ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்கும் மலிவு டிரில்களின் பேக்கைத் திறந்தால் பெரும்பாலும் அதே ஐந்து செல்தான் இருக்கும்.

இரவு சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கலாமா? முழுக்கத் தீர்ந்த பிறகுதான் சார்ஜ் போட வேண்டும் என்கிறாரே என் கணவர்?
– வாசகி, கும்பகோணம்

இரவில் வேண்டாம். ஆள் விழித்திருக்கும் நேரத்தில் போடுங்கள். சிமென்ட் தரை, கல் மேடை, ஓட்டுத் தளம் என்று தீப்பிடிக்காத இடமாக இருக்கட்டும். கட்டில், சோபா, மாடிப்படி அடி, வாசலை மறிக்கும் இடம் கூடாது.

உங்கள் கணவர் சொல்வது நிக்கல் காட்மியம் பேட்டரிக் காலத்து வழக்கம். அப்போது அது சரி. லித்தியத்துக்கு அது கெடுதல். டிரில் வேகம் குறையும்போதே நிறுத்திச் சார்ஜ் போடலாம்.

நம் ஊர் வெயில்தான் பெரிய கவலை. பொதுவாக லித்தியம் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் வரம்பு 45 டிகிரி. 40-தான் என்று சொல்லும் கம்பெனிகளும் உண்டு. சித்திரை வெயிலில் கான்கிரீட் துளைத்துவிட்டு வந்த பேக் அதைவிடச் சூடாக இருக்கும். நிழலில் அரை மணி நேரம் வைத்து, தொட்டால் சுடாத பிறகு போடுங்கள். ஐஸ் பெட்டியிலோ ஃப்ரிட்ஜிலோ வைக்காதீர்கள், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும். மூடிய காருக்குள்ளும் விட்டுப் போகாதீர்கள்.

பேட்டரி கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடு மாட்டலாமா? வீலை மூடியிருக்கும் கார்டு இடைஞ்சலாக இருப்பதால் கழற்றிவிட்டேன்.
– வெல்டர், திருப்பூர்

முதலில் கார்டை மாட்டுங்கள். பல் பிளேடு வேண்டவே வேண்டாம். மரத்தில் ஒரு பல் கவ்வினால் போதும், கருவி மொத்தமாக உங்கள் பக்கம் எகிறும். தொடையும் கழுத்தும்தான் வெட்டுப்படும்.

கட்டிங் வீல் நொடிக்கு 80 மீட்டர் வேகத்துக்குச் செய்யப்பட்டது. 4 இன்ச் வீலில் நிமிடத்துக்கு 15,300 சுற்று என்றிருக்கும். 7 இன்ச் வீலுக்கு அதே கணக்கு ஏறக்குறைய 8,500-தான். சிறிய கிரைண்டர் 11,000 வரை சுற்றும். கார்டைக் கழற்றிவிட்டுப் பெரிய வீல் மாட்டினால் அது துண்டு துண்டாகச் சிதறுவது இதனால்தான். வீலின் நடுவில் உள்ள உலோக வளையத்தில் காலாவதித் தேதி இருக்கும், பாருங்கள்.

வீல் மாற்றும் முன் பேட்டரியைக் கழற்றுங்கள். ஒயர் உள்ள கருவியில் பிளக்கைப் பிடுங்குவது எதுவோ, அதுதான் இதில் பேட்டரியைக் கழற்றுவது. சுவிட்ச்சில் லேசாகக் கை பட்டால் போதும், சுற்றிவிடும். டிரில்லில் பிட் மாற்றவும் இதேதான். நிமிஷ வேலை என்றால் ஃபார்வர்டு ரிவர்ஸ் பட்டனை நடுவிலாவது நிறுத்துங்கள், டிரிகர் பூட்டிக்கொள்ளும். டிரில் பிடிக்கும்போது துணிக் கையுறை வேண்டாம், பிட் நூலைச் சுற்றி விரலையும் இழுத்துவிடும்.

பேட்டரி டிரில்லில் ஷாக் அடிக்காதுதானே?
– வாசகர், நாகர்கோவில்

கருவியின் பேட்டரியால் அடிக்காது. சுவருக்குள் ஓடும் 230 வோல்ட் ஒயரில் பிட் இறங்கினால் அடிக்கும். பிட்டும் அதைக் கவ்விப் பிடிக்கும் சக்கும் உலோகம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலும் கீழும் துளைக்காதீர்கள். சந்தேகம் இருந்தால் மெயினை அணைத்துவிட்டு வேலை செய்யுங்கள். அப்படிச் செய்ய முடிவதே ஒயர் இல்லாத டிரில்லின் வசதி.

மஸ்கட்டிலிருந்து திருச்சிக்கு விடுமுறையில் வருகிறேன். டிரில்லும் இரண்டு பேட்டரியும் கொண்டு வரலாமா?
– வாசகர், மஸ்கட்

டிரில்லை செக்-இன் பெட்டியில் போடுங்கள். கழற்றிய பேட்டரி கைப்பையில் மட்டும்தான் வர வேண்டும். வோல்ட்டை ஆம்ப் ஹவரால் பெருக்குங்கள்: 18 வோல்ட், 5 ஆம்ப் ஹவர் என்றால் 90 வாட் ஹவர். 100 வரை தனி அனுமதி தேவையில்லை. 6 ஆம்ப் ஹவர் என்றால் 108. 100 முதல் 160 வரை விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும், அதுவும் இரண்டே இரண்டுதான். பேக்கில் வாட் ஹவர் அச்சிட்டிருந்தால் அதிகாரிகள் பார்ப்பது அந்த எண்ணைத்தான். முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, ஒவ்வொன்றையும் தனிப் பையில் போடுங்கள்.

கீழே விழுந்த பேட்டரியிலிருந்து ‘உஸ்’ என்று சத்தமும் தின்னர் போன்ற வாசனையும் வருகிறது. என்ன செய்வது?
– பட்டறை நடத்துபவர், கோவை

சார்ஜரில் இருந்தால் மெயினை அணையுங்கள், பேக்கைத் தொடாதீர்கள். ஆட்களை வெளியேற்றுங்கள், அந்தப் புகை நச்சு. 101-ஐக் கூப்பிடுங்கள். தூரத்தில் இருந்து அடிக்க முடிந்தால் தண்ணீர்தான், நிறைய. மணலும் பவுடர் தீயணைப்பு சிலிண்டரும் சுவாலையை அடக்கும், செல்லைக் குளிர்விக்காது. அணைந்தது மணிக்கணக்கு கழித்து மறுபடி பற்றும். அணைந்த பேக்கை வெட்டவெளியில், எரியும் பொருள் எதுவும் பக்கத்தில் இல்லாமல் ஒரு நாள் விட்டு வையுங்கள். பிறகும் குப்பை வண்டியில் போடாதீர்கள். வண்டி அழுத்தும்போது நசுங்கித் தீப்பிடிக்கும். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பப் பெறும் பொறுப்பு தயாரிப்பாளருக்கு உண்டு. கம்பெனி சர்வீஸ் சென்டரில் கேட்டுக் கொடுங்கள், முனையில் டேப் ஒட்டி.