அம்மாவின் பணம், மகளின் கையில்

கேள்வி: என் அம்மாவுக்கு 81 வயது. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. பென்ஷன் வருகிறது, கொஞ்சம் டெபாசிட்டும் இருக்கிறது. ஆறு மாதமாக மறதி. போன வாரம் ஒரே சிலிண்டருக்கு இரண்டு தடவை பணம் கொடுத்துவிட்டார். ஏடிஎம் கார்டு என்னிடம் இருக்கிறது. தேவைக்கு நானே எடுக்கிறேன். துபாயில் இருக்கும் அண்ணன், "பவர் எழுதி வாங்கிக்கோ" என்கிறார். அது போதுமா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: அண்ணனே சொல்கிறாரே, கொடுத்துவைத்தவர் நீங்கள். வங்கிக் கவுன்ட்டரில் 31 வருஷம் உட்கார்ந்தவள் நான். "யாரைக் கேட்டு வாங்கினே?" என்று சண்டைக்கு வந்த அண்ணன்களைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

பவர், அதாவது அம்மா சார்பில் நீங்கள் செயல்பட அவர் எழுதிக் கொடுக்கும் அதிகாரப் பத்திரம், வாங்குங்கள். ஆனால் அதை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவர் செல்லாது என்பது எல்லோருக்கும் தெரியும். அவருக்குப் புத்தி சுவாதீனம் போய்விட்டாலும் செல்லாது. 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தின் 201-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது. மறதி முற்றி, உங்களுக்கு நிஜமாகவே அது தேவைப்படும் நாளில் கையில் இருப்பது வெறும் முத்திரைத்தாள்.

நான் செய்யச் சொல்வது இது. பென்ஷன் வரும் கணக்கைத் தொடாதீர்கள். அதில் கணவன் மனைவி தவிர வேறு பெயரைச் சேர்க்கப் பெரும்பாலும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அம்மா பெயரிலும் உங்கள் பெயரிலும் தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். பாரத்தில் 'ஐதர் ஆர் சர்வைவர்' என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். அப்போதுதான் உங்கள் கையெழுத்து ஒன்றே போதும். மருந்து, மளிகை, வேலைக்கார அம்மா சம்பளம் எல்லாம் கூட்டி ஒரு தொகை வைத்து, மாதாமாதம் பென்ஷன் கணக்கிலிருந்து அது தானாக இங்கே வரும்படி அம்மாவே எழுதிக் கொடுக்கட்டும். அண்ணனுக்கும் ஒரு வார்த்தை: கூட்டுக் கணக்கில் தங்கை பெயர் இருப்பதால் மட்டும் பணம் தங்கையுடையதாகிவிடாது.

இதையெல்லாம் அம்மா தெளிவாக இருக்கும்போதே செய்யுங்கள். என் அனுபவத்தில் வயதானவர்களுக்குக் காலை பத்து மணி நல்ல நேரம். கையோடு, வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் "விவரம் புரிந்துதான் கையெழுத்திடுகிறார்" என்று அதே தேதியில் ஒரு சான்றும் வாங்கிவிடுங்கள்.

கை நடுங்கினால் கவலை வேண்டாம். என் அப்பா பக்கவாதத்தில் படுத்தபோது வலது கை சுத்தமாக வரவில்லை. மேனேஜர் வீட்டுக்கே வந்தார். கட்டைவிரல் ரேகை, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகைகூட ரிசர்வ் வங்கி விதிப்படி செல்லும். இரண்டு சாட்சி வேண்டும், ஒருவர் வங்கி அதிகாரி. அப்பாவின் கால் விரலில் ஊதா மை தடவியபோது கூச்சத்தில் சிரித்துவிட்டார். அந்த மை போக நாலு நாள் ஆயிற்று.

ரேகை வைத்தால் மட்டும் போதாது, விஷயமும் புரிய வேண்டும். அதுவும் முடியாமல் போய்விட்டால் கோர்ட்டுதான். கோமாவில் இருந்த ஒருவருடைய சொத்தை நிர்வகிக்க, அவர் மனைவியைக் காப்பாளராக 2024-ல் சென்னை உயர் நீதிமன்றம் நியமித்தது. வழி இருக்கிறது, ஆனால் வக்கீல், மருத்துவ அறிக்கை என்று அலைச்சல் அதிகம்.

அப்புறம், அந்த ஏடிஎம் கார்டு. அம்மாவுக்காகவே எடுத்தாலும், ஸ்டேட்மென்ட்டில் வெறும் தொகைதான் தெரியும். எதற்கு எடுத்தீர்கள் என்பது தெரியாது. நாற்பது பக்க நோட்டு ஒன்று போடுங்கள். அம்மாவே வரவு செலவை எழுதட்டும், தலைமை ஆசிரியைக்குப் பிடித்த வேலைதான். கூட்டல் தப்பினால் நீங்கள் பென்சிலால் திருத்துங்கள். மாதக் கடைசியில் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து துபாய்க்கு அனுப்பிவிடுங்கள்.