கைரேகைப் பூட்டும் பன்னிரண்டு சொற்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கைபேசியில் கிரிப்டோ வாலட் (பிட்காயின் போன்ற டிஜிட்டல் நாணயங்களுக்கான பணப்பை) செயலி வைத்திருக்கிறேன். என் கைரேகை இல்லாமல் அது திறக்காது. நிறுவியபோது காட்டிய 12 ஆங்கிலச் சொற்களை அவசரத்தில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தேன். இப்போது அவற்றைக் கிளவுடில் சேமிக்கட்டுமா என்று செயலி கேட்கிறது. சம்மதிக்கலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கிளவுடை விட, ஏற்கெனவே எடுத்துவிட்ட அந்த ஸ்கிரீன்ஷாட்தான் எனக்கு அதிகக் கவலை தருகிறது.

கைரேகை காப்பது உங்கள் கைபேசியில் உள்ள அந்த ஒரு செயலியின் வாசலை மட்டுமே. பணத்தின் சாவி அந்த 12 சொற்கள். 2013-இல் வகுக்கப்பட்டு இன்று பெரும்பாலான வாலட்கள் பின்பற்றும் பிஐபி-39 முறைப்படி, 2,048 சொற்கள் கொண்ட ஒரு பொதுப் பட்டியலிலிருந்து அவை குலுக்கல் முறையில் எடுக்கப்படுகின்றன. முதல் நான்கு எழுத்துகளை வைத்தே எந்தச் சொல் என்று கண்டுகொள்ளும்படி அந்தப் பட்டியலை அமைத்திருக்கிறார்கள். கையெழுத்து கொஞ்சம் சிதைந்தாலும் பின்னாளில் படித்துவிட இந்த ஏற்பாடு உதவும். அதாவது, காகிதத்தில் பேனாவால் எழுதிக்கொள்ள ஏற்ற முறை இது. இந்தச் சொற்களை வரிசை மாறாமல் எவர் எங்கிருந்து தம் வாலட்டில் உள்ளிட்டாலும் உங்கள் சாவிகள் அத்தனையும் அங்கே மறுபடி உருவாகிவிடும். அங்கே உங்கள் கைரேகையை யாரும் கேட்கப்போவதில்லை.

படத்தில் இருக்கும் எழுத்தை யார் தேடிப் படிக்கப்போகிறார்கள் என்று எண்ண வேண்டாம். ஆண்ட்ராய்டு, ஆப்பிள் இரண்டின் அதிகாரபூர்வக் கடைகளிலும் இடம்பிடித்திருந்த சில செயலிகள், பயனரின் படத்தொகுப்புக்குள் புகுந்து, படங்களிலுள்ள எழுத்தை வாசித்து, இந்தச் சொற்களைத் தேடி எடுத்து அனுப்பிக்கொண்டிருந்ததை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி என்ற கணினிப் பாதுகாப்பு நிறுவனம் வெளிப்படுத்தியது. நல்ல எண்ணத்தோடு எழுதப்பட்ட செயலியிலும் தவறு நேரலாம்: 2022 ஆகஸ்டில் சொலானா என்ற கிரிப்டோ வலைப்பின்னலில் ஆயிரக்கணக்கான வாலட்கள் காலியானபோது, அவற்றோடு தொடர்புடைய ஸ்லோப் என்ற செயலி, பிழைகளைக் கண்காணிக்கும் சர்வர் ஒன்றுக்குப் பயனரின் சொற்களையும் சேர்த்து அனுப்பிவந்தது தெரியவந்தது.

ஆகவே ஸ்கிரீன்ஷாட்டை அழித்தால் மட்டும் போதாது. அதன் நகல் எங்கெங்கே போயிற்று என்று உறுதியாகச் சொல்ல வழியில்லை. புதிய வாலட் ஒன்றை உருவாக்கி, அதன் சொற்களைத் தாளில் இரண்டு பிரதி எழுதி, வெவ்வேறு இடங்களில் வைத்துவிட்டு, இருப்பு முழுவதையும் புதிய முகவரிக்கு மாற்றிவிடுங்கள். அதன்பின் பழைய சொற்கள் எவர் கையில் இருந்தாலும் கவலையில்லை. கிளவுட் சேமிப்பைப் பொறுத்தவரை, சொற்கள் கைபேசியை விட்டு வெளியேறும் முன்பே உங்கள் கடவுச்சொல்லால் மறையாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யப்படுகின்றனவா என்று பாருங்கள். செய்யப்பட்டாலும் அந்தக் கடவுச்சொல்லின் வலுவே அதன் வலு. கைச்செலவு அளவுக்கான தொகைக்கு அந்த வசதி சரி. சேமிப்புக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

கேள்வி: ஒரே கிரிப்டோ முகவரிக்கு அடிக்கடி பணம் அனுப்புகிறேன். பழைய பரிவர்த்தனைப் பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுப்பது எளிதாக இருக்கிறது. இதில் ஆபத்து உண்டா? (வாசகர், மதுரை)

பதில்: உண்டு. முகவரி நீளமானது என்பதால் பெரும்பாலான வாலட்கள் தொடக்கத்தில் சில எழுத்தையும் முடிவில் சில எழுத்தையும் காட்டிவிட்டு, இடையில் புள்ளி வைத்துவிடுகின்றன. மோசடிக்காரர்கள் அந்த முன்னும் பின்னும் மட்டும் ஒத்திருக்கும்படி ஒரு முகவரியைக் கணினியால் உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்கு மிகச் சிறிய தொகையை அனுப்பிவைப்பார்கள். உடனே உங்கள் பட்டியலின் மேல்வரியில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த முறை அவசரத்தில் நீங்கள் நகலெடுப்பது அதைத்தான். 2024 மே மாதத்தில் ஒருவர் இப்படியே ஏமாந்து 1,155 பிட்காயினுக்கு நிகரான டோக்கன்களை, அதாவது ஏறத்தாழ 6.8 கோடி டாலரை, தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டார். பின்னர் பேச்சுவார்த்தையில் அதில் பெரும்பகுதி அவருக்குத் திரும்பக் கிடைத்தது. எல்லோருக்கும் அப்படி வாய்க்காது.

வாலட்டில் முகவரிப் புத்தகம் இருந்தால், சரிபார்த்த முகவரியை ஒருமுறை பெயரிட்டுச் சேமித்து, எப்போதும் அங்கிருந்தே தேர்ந்தெடுங்கள். நகலெடுத்த முகவரியை ஒட்டும் தருணத்தில் மாற்றிவிடும் தீநிரல்களும் இருப்பதால், நடுப்பகுதி எழுத்துகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பெரிய தொகையென்றால் முதலில் சிறு தொகை அனுப்பி, வந்து சேர்ந்ததா என்று எதிர்த்தரப்பிடம் கேட்டுவிட்டு மீதியை அனுப்புங்கள்.

கேள்வி: ஹார்டுவேர் வாலட் (சாவியைத் தனியே வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கிவிட்டால் இந்தக் கவலையெல்லாம் தீர்ந்துவிடுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: பாதி தீரும். ப்ராக் நகரத்தவர்கள் உருவாக்கிய ட்ரெஸர் 2014-இல் விற்பனைக்கு வந்தது முதல் இவ்வகைக் கருவிகளின் அடிப்படை மாறவில்லை: சாவி கருவிக்குள்ளேயே இருக்கும், கையொப்பமும், அதாவது பரிவர்த்தனைக்குச் சாவியால் ஒப்புதல் தருவதும், அங்கேயே நடக்கும், கணினியில் வைரஸ் இருந்தாலும் சாவி வெளியே வராது. ஆனால் எதற்குக் கையொப்பம் இடுகிறோம் என்பதைக் கருவியின் சின்னத் திரை புரியும்படி காட்ட வேண்டும். 2025 பிப்ரவரியில் பைபிட் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்சிலிருந்து (வாங்கி விற்கும் தளம்) சுமார் 150 கோடி டாலர் களவுபோனபோது, பலர் சேர்ந்து ஒப்புதல் தர வேண்டிய பாதுகாப்பான வாலட்தான் பயன்பாட்டில் இருந்தது; கணினித் திரை ஒரு பரிவர்த்தனையைக் காட்ட, உண்மையில் கையொப்பமானது வேறொன்று. கருவியின் திரையில் தொகையும் முகவரியும் தெரியாமல் வெறும் எண்ணெழுத்துக் கோவை மட்டும் வந்தால், ஒப்புதல் பொத்தானை அழுத்தாதீர்கள்.

இத்தகைய கருவிகளில் 12 அல்லது 24 சொற்களோடு நீங்களே ஒரு கூடுதல் கடவுச்சொல் சேர்க்கும் வசதியும் உண்டு. சொற்கள் திருடுபோனாலும் பணத்தைக் காக்கும் என்பதால் அது பயனுள்ளதே. ஆனால் அதில் ஓர் எழுத்தைத் தவறாகத் தட்டினாலும் தவறு என்று கருவி சொல்லாது. அந்தத் தவறான கடவுச்சொல்லுக்கும் ஒரு வாலட் உருவாகி, காலியாகத் திறக்கும். பணம் போய்விட்டதென்று பதறிப்போவோம். அதனால் முதலில் சிறு தொகை மட்டும் போட்டு, கருவியில் உள்ளதை முழுவதும் அழித்து, தாளில் எழுதியுள்ளதை மட்டும் வைத்து மீட்டெடுத்துப் பாருங்கள். அந்தச் சிறு தொகை திரையில் மறுபடி தெரிந்தபின் மீதியை மாற்றுங்கள்.