முதலில் மனநல மருத்துவரைப் பாருங்கள்

சிறுவயதிலிருந்தே சிறுநீர் அடக்க முடியாதவராக ஆகிவிட வேண்டும் என்ற ஆசை விடவே இல்லை, இதை எந்த டாக்டரிடம் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நேராக, சிறுநீர்ப்பாதைக் கோளாறுகளைப் பார்க்கும் யூராலஜிஸ்ட்டிடம் போகாதீர்கள். சிறுநீரை அடக்கிவைக்கும் சுருக்குத்தசை நன்றாக இருக்கும்போது அதில் அவர் கைவைக்க மாட்டார். நீங்கள்தான் மனம் நொந்து திரும்புவீர்கள். முதலில் மனநல மருத்துவர்.

உடலில் ஒரு குறைபாடு வேண்டும் என்ற தீராத ஏக்கத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய்ப் பட்டியல் 'பாடி இன்டெக்ரிட்டி டிஸ்போரியா' என்று சேர்த்திருக்கிறது. கை கால் இழப்பு, இடுப்புக்குக் கீழே செயலிழப்பு, பார்வையிழப்பு என்பவைதான் அதில் உதாரணங்கள். உங்களுடையது அதுதானா வேறா என்பதை மனநல மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் பேச்சைத் தொடங்க அந்தப் பெயர் உதவும். வாய் வரவில்லையா, எழுதிக் கொடுத்துவிடுங்கள்: எந்த வயதில் தொடங்கியது, எப்போது கூடுகிறது, இதுவரை என்னென்ன செய்து பார்த்தீர்கள். கடைசியை மட்டும் மறைக்காதீர்கள்.

டயப்பர் கட்டினால் மனம் அடங்குகிறது என்றீர்களே, சரி, ஈரமானதும் மாற்றிக்கொண்டால் அதில் பெரிய கெடுதல் இல்லை. சிறுநீர்த் துவாரத்தில் எதையாவது நுழைத்துப் பார்ப்பது வேறு கதை: கிருமித்தொற்று, உள்ளே தழும்பு, அப்புறம் கசிவுக்குப் பதில் அடைப்பே வந்துவிடலாம். அந்த எண்ணம் வலுத்தால் அப்பாயின்ட்மென்ட் நாள்வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே போய்விடுங்கள்.