ட்ரெய்லர் கடையை மேடு பள்ளமான இடத்தில் மட்டமாக நிறுத்துவது எப்படி?

கேட்டவர் புதிதாக ஒரு ட்ரெய்லரைச் சாப்பாட்டுக் கடையாக மாற்றியிருக்கிறார். பாசிக்குடாக் கடற்கரையில் நிறுத்திய முதல் நாளே கதவு தானாகத் திறந்து கொண்டதாம், நாலு மூலையிலும் உள்ள ஜக்கை, அதாவது ஏற்றி இறக்கும் காலை, அடித்துப் பார்த்தும் சரிவரவில்லையாம். எனக்கென்றால் அந்த நாலு மூலை ஜக்தான் பிழை என்று படுகிறது.

நானும் மனைவியும் இதே தொழில்தான். சீசனுக்கு அறுகம்பே கடற்கரை, ஆடி மாதத் திருவிழாவுக்கு ஒரு வருடம் உகந்தைக் கோயில் என்றால் அடுத்த வருடம் மாமாங்கக் கோயில். 12 அடிப் பெட்டி, இரண்டு சில்லு, லொறியில் கொழுவி இழுக்கிறோம். இந்த வேலையை ஒழுங்காகச் சொல்லித் தந்தவர் கனடாவில் இருக்கிற அத்தான். அவர் வைத்திருப்பது ஃபிப்த் வீல் என்கிற பெரிய வகை. அதன் மூக்குப் பகுதி பிக்கப் வண்டியின் பின்தட்டுக்கு மேலே வந்து, அங்கே பூட்டியிருக்கிற தட்டில் ஒரு தடித்த ஆணியால் உட்காரும், பின்சில்லு அச்சுக்கு நேர் மேலே பாரம் இறங்கும். நம்முடையது அப்படி இல்லை, ஆனால் மட்டம் பார்க்கிற ஒழுங்கு இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் இடம் வலம். அதுவும் வண்டியிலிருந்து கழற்றுவதற்கு முன்னாலேயே. இது முடிந்த பிறகுதான் முன் பின். மூலைக்கால்கள் எல்லாவற்றுக்கும் கடைசி. இடம் வலம் சரி செய்யச் சரியான வழி சில்லு நிற்கிற உயரத்தை மாற்றுவதுதான். கழற்றிய பிறகு மூலைக்காலால் ஒரு பக்கத்தை உயர்த்தப் போனால் முழுப் பாரமும் அந்த மெல்லிய காலில் ஏறும், அடிச்சட்டம் முறுக்கும், சட்டம் முறுக்கினால் கதவு பிடிக்காது. உங்கள் கதவுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும். அந்தக் கால்கள் பெட்டி ஆடாமல் பிடிப்பதற்கு மட்டும், தூக்குவதற்கு அல்ல.

எத்தனை அங்குலம் உயர்த்துவது என்று கண்ணால் மதிக்க வேண்டாம். மேசன்மார் வைத்திருக்கிற 2 அடி நீர்மட்டம் ஒன்று வாங்குங்கள். உள்ளே தரையில், அச்சுக்கு மேலே வருகிற இடத்தில், குறுக்காக வையுங்கள். தாழ்ந்த முனைக்கு அடியில் கார்ட்போட் துண்டுகளைச் சொருகிக் குமிழ் நடுவுக்கு வந்ததும் அந்த இடைவெளியை அளந்து பாருங்கள். சில்லுக்குச் சில்லு 6 அடி என்றால் அது நீர்மட்டத்தின் மூன்று மடங்கு, ஆகவே அந்த இடைவெளியை 3ஆல் பெருக்க வேண்டும், அவ்வளவுதான். அரை அங்குலம் வந்தால் தாழ்ந்த பக்கச் சில்லுக்கு அடியில் ஒன்றரை அங்குலப் பலகை. போனில் இருக்கிற மட்டம் பார்க்கும் செயலியை நான் நம்புவதில்லை, பின்பக்கம் கேமரா புடைத்திருக்கிற போனைத் தரையில் வைத்தால் போனே சரிந்துதான் கிடக்கும். இன்னொன்று, அளக்க முன்னர் இரண்டு ரயரிலும் காற்றைச் சமமாக வைத்துக் கொள்ளுங்கள்.

பலகை ரயரை விட அகலமாக இருக்க வேண்டும், ஏறுகிற முனையைச் சரிவாகச் சீவி எடுங்கள். ஒருவர் வெளியே நின்று சொல்ல, மெதுவாக வண்டியை நகர்த்திப் பலகையில் ஏற்றி, திரும்பவும் குமிழைப் பாருங்கள். சரி என்றால் இரண்டு சில்லுக்கும் முன்னும் பின்னும் கட்டை வைத்து இறுக்குங்கள். கட்டை வைக்காமல் கழற்றவே கூடாது. அப்புறம் முன்காலை (கொழுவுகிற முனையில் பாரம் தாங்கவென்றே இருக்கிற கால், மூலைக்கால் அல்ல) இறக்கிப் பாரத்தை எடுத்து, வண்டியைக் கழற்றி முன்னே எடுத்து, நீர்மட்டத்தை நீளவாக்கில் திருப்பி வைத்து முன்காலை ஏற்றி இறக்கினால் முன் பின் வந்துவிடும். வண்டி கழன்றபோது இருந்த உயரத்தை முன்காலில் ஒரு பெயின்ற் கோடு போட்டு அடையாளம் செய்யுங்கள், திரும்பக் கொழுவும்போது நேரம் மிச்சம்.

இது வரைக்கும் அத்தான் சொன்னது. அவருக்குக் கெட்டி நிலம், நமக்கு மணல்.

எங்களுக்கு இரண்டாம் வருடம் உகந்தையில் நடந்ததைச் சொல்ல வேண்டும். நீர்மட்டம் எல்லாம் சரியாகப் பார்த்துத்தான் நிறுத்தினோம். பின்காலுக்கு அடியில் நான் வைத்தது இரண்டு செங்கல், கீழே வெறும் மணல். பின்னேரம் சனம் கூடி, உள்ளே நாங்கள் மூன்று பேரும் பின்பக்கமாக நின்று வேலை செய்ய, ஒரு கல் சரிந்து உடைந்து அந்த மூலை இறங்கிவிட்டது. இரண்டு அங்குலம் கூட இருக்காது. வடைச் சட்டி வழுக்கி எண்ணெய் மச்சானின் காலில் ஊற்றியது. அவன் பாதத்தில் தழும்பு இன்றைக்கும் இருக்கிறது, அவன் ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை, ஆனால் அந்தக் கல்லை வைத்தது நான்தான். அதனால்தான் இந்தப் பதிலை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

மணலில் உயரத்தை விட அகலம் முக்கியம். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தடித்த பலகை போடுங்கள், செங்கல்லும் சீமெந்துக் கல்லும் வேண்டவே வேண்டாம், அவை உடையும்போது சொல்லிக்கொண்டு உடைவதில்லை. பலகை போடுகிற இடத்தில் மேல் மணலை வழித்துவிட்டு, இரண்டு வாளி தண்ணீர் ஊற்றி மிதித்து இறுக்குங்கள். மணலில் தாழ்ந்த பக்கத்தை உயர்த்துவதை விட உயர்ந்த பக்கச் சில்லுக்குக் கீழே கொஞ்சம் தோண்டுவது பல நேரம் சுகம். களிமண் நிலத்தில் தோண்டாதீர்கள், ஒரு மழை பெய்தால் அந்தக் குழியில் தண்ணீர் நின்று சில்லு புதையும்.

நிறுத்தியதும் வேலை முடிந்தது என்று அடுப்பைப் பற்ற வைக்க வேண்டாம். தண்ணீர்த் தாங்கியை நிரப்பி, காஸ் சிலிண்டரை நிமிர்த்தி வைத்துக் கட்டி, சாமான் எல்லாம் ஏற்றி, ஆட்களும் ஏறி ஒரு பத்து நிமிடம் நடந்த பிறகு திரும்ப மட்டம் பாருங்கள். எங்கள் பெட்டி ஒவ்வொரு முறையும் இந்த நேரத்தில் கொஞ்சம் இறங்கத்தான் செய்கிறது. இரவு மழை பெய்தால் காலையில் இன்னொரு முறை.

குளிர்சாதனப் பெட்டி சரிவில் நிற்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வீட்டில் பாவிக்கிற, கொம்பிரசர் உள்ள சாதாரணப் பெட்டி என்றால் கொஞ்சச் சரிவுக்குப் பயப்பட வேண்டாம். அத்தானுடையது காஸில் சூடாக்கி ஓடுகிற வகை, அதற்குள் அமோனியாக் கரைசல் தன் பாரத்தில்தான் கீழே வடிந்து திரும்ப வேண்டும், சரிந்து நின்றால் ஓரிடத்தில் தேங்கி அளவுக்கு மீறிச் சூடேறிப் பெட்டியே பழுதாகும். வெளிநாட்டிலிருந்து வந்த பழைய கரவன் எதையாவது வாங்கியிருந்தால் அதில் எந்த வகை இருக்கிறது என்று பார்த்துக் கொள்ளுங்கள்.

கிளம்பும்போது எல்லாம் தலைகீழ் ஒழுங்கு. முதலில் பின்கால்கள், பிறகு வண்டியில் கொழுவி, பூட்டு விழுந்ததைக் கண்ணால் பார்த்து, முன்காலைத் தூக்கி, கடைசியாகத்தான் சில்லுக் கட்டைகளை எடுக்க வேண்டும். பலகையிலிருந்து இறங்கும்போது பக்கத்தில் பிள்ளைகளை நிற்க விடாதீர்கள்.